மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

என் பெயர் அபிதகுஜாம்பாள். இதை முழுசாகச் சொல்லிக் கூப்பிடும் பொறுமை என் வீட்டுக்காரர் ராஜாராமனுக்கே கிடையாது. ரயிலில் எனக்கு அபிதாக்கா என்று பேர். தாம்பரத்திலிருந்து காலை எட்டு பத்துக்கு பீச் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் வண்டியில், பெண்கள் பெட்டியில், செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பஜனை நடக்கும். ஜன்னல் கம்பியில் முருகன் படத்தைக் கட்டி, ஒரு முழம் பூவைச் சாத்தி, சானடோரியம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவோம். எதிர் சீட்டில் ஒருத்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டுவாள். கிண்டி வந்ததும் சுண்டல். அதற்கு முன்னால், பல்லாவரத்திலிருந்து பரங்கிமலை வரை, என்னுடைய பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் நான் விளக்கம் சொல்லுவேன். பக்தி, வினை, பிறவி, ஆத்மா, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சேலையூரில் ஒரு பெரியவர் நடத்திய வாராந்திர வகுப்புக்கு நாலு வருஷம் போய், நாலு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். முதலில் ஏதோ ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்டார்கள், சொன்னேன். பிறகு அடுத்த பெட்டியிலிருந்துகூட இறங்கி ஓடிவந்து எங்கள் பெட்டியில் ஏற ஆரம்பித்தார்கள். ஆபீசில் நான் முப்பது வருஷமாக பைல் புரட்டுகிறேன். அங்கே என் பேச்சுக்கு பியூன்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். ரயிலில் அறுபது பெண்கள் வாய் மூடிக் கேட்டார்கள். அந்த ருசி எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால், முதல் நாள் மாலையே கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அது முற்றிப் போயிருந்தது.

அங்காளம்மா அந்தப் பெட்டியில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமையில் ஏறுவாள். கோவளம் பக்கத்துக் குப்பம். மற்ற நாளெல்லாம் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அந்த ஒரு நாள் மட்டும் கூடை இல்லாமல், துவைத்த புடவை கட்டிக்கொண்டு, பத்து வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். பெண்ணின் பெயர் ஜெயக்கொடி. தொண்டையில் வந்த காய்ச்சல் இதயம் வரை போய் வால்வைக் கெடுத்திருந்தது. எழும்பூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வருஷக்கணக்கில் விடாமல் போட வேண்டும். இதெல்லாம் சுண்டல் கொடுக்கும்போது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் தடவை அவளுக்குச் சுண்டல் கொடுத்தபோது கை படாமல் இருக்கட்டும் என்று பொட்டலத்தை மேலேயிருந்து போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேரும் சீட்டில் உட்கார மாட்டார்கள். கதவோரத்தில் தரையில் உட்காருவார்கள். பெண்ணுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். நான் பேச ஆரம்பித்தால் அங்காளம்மா வாயைத் திறந்தபடி கேட்பாள். அறுபது பேரில் அவளைப் போல ஒருத்தி கேட்டதில்லை.

அப்படி அவர்கள் வந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மாம்பலத்தில் டீச்சராக இருக்கும் ஜெயஸ்ரீ கேட்டாள். "அக்கா, ஒரு பாவமும் அறியாத குழந்தைங்களுக்கு ஏன் வியாதி வருது? என் கிளாஸ்ல ஒரு பையன் படற பாட்டைப் பார்க்க முடியலை."

நல்ல கேள்வி கிடைத்தால் எனக்குக் குஷி வந்துவிடும். பதில் சொல்ல வாயெடுத்தபோது என் கண் கதவோரம் போய், அந்தப் பெண் மேல் ஒரு விநாடி நின்று திரும்பியது. பாவம் என்று தோன்றவில்லை. கைக்கு வாகாக உதாரணம் கிடைத்த சந்தோஷம்தான் வந்தது.

"குழந்தை அறியாது ஜெயஸ்ரீ, ஆனா அதோட வினை அறியும்" என்றேன். "போன பிறவியில செஞ்சது இந்தப் பிறவியில வருது. அதைப் பட்டுத்தான் தீர்க்கணும். வேற வழியில போய் அதைத் தடுத்து நிறுத்தினா ஓஞ்சிடாது. அடுத்த பிறவிக்குக் காத்திருக்கும். இன்னும் பலமா வரும்."

பெட்டியே உச்சுக் கொட்டியது. எப்போதும் என் பக்கத்தில் இடம் பிடிக்கும் ஜெயப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க அக்கா என்றாள். பரங்கிமலை வந்துவிட்டது. நேரத்துக்கு முடித்தேன் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாயும் மகளும் வரவில்லை. நான் கவனிக்கவில்லை. ஆறாவது வாரமும் அப்படியே போயிற்று.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அங்காளம்மா தனியாக வந்தாள். தாம்பரத்திலேயே ஏறி நேராக என்னிடம் வந்து, வாழை இலையில் சுற்றிய மல்லிகைப் பூவை நீட்டினாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"உங்களப் பாக்கத்தாங்கா வந்தேன். இத்த சாமிக்குப் போடுங்க."

"பொண்ணு எங்கே?"

"வூட்ல கீது. ஊசிய நிறுத்திட்டேங்கா. நீங்க சொன்னது நல்லதாப் போச்சி. இல்லாங்காட்டி நான் பாட்டுக்குப் போட்டுக்கினே இருந்திருப்பேன்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"பட்டுத் தீக்கணும்னு சொன்னீங்கள்ல. தடுத்தா அடுத்த பொறப்புல இன்னும் பலமா வரும்னு. ஊசி தடுக்கறதுதானே. அதாங்கா யோசிச்சேன். இந்தப் பொறப்போட தீந்துடட்டும். அடுத்த தபா பொறக்கறப்போ அது ஓடியாடி வெளாடட்டும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூச்சு வாங்குது. படுக்க முடியல, குந்திக்கினே கீது. பாத்துக்கினுதான் இருக்கேன். அதோட நல்லதுக்குத்தான்னு கல்லாட்டம் இருக்கேன். நீங்க ஒரு வார்த்த அதுக்காக வேண்டிக்கங்க."

வண்டி கிளம்பிவிட்டது. பாட்டு ஆரம்பிக்கக் காத்திருந்த முகங்கள் எல்லாம் எங்களைப் பார்த்தன. அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பெண்ணின் மூச்சு முக்கியமாகத் தெரியவில்லை. என் பேர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முன்னால் வந்து நின்றது.

"ஊசி போடாதேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் பொதுவா ஒரு தத்துவம் சொன்னேன். நீயா எதையோ புரிஞ்சுண்டு வந்தா நான் என்ன பண்ண முடியும்?"

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. சுற்றிலும் பார்த்தாள். "நாந்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேனா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒவ்வொருத்தியும் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். குரோம்பேட்டையில் இறங்கிவிட்டாள். பூ என் மடியில் இருந்தது. நான் பின்னால் இறங்கவில்லை. வண்டி நகர்ந்தது, நானும் அதோடு போனேன்.

ஜெயப்ரியா என்னைத் தேற்றினாள். "விடுங்கக்கா. அவங்களுக்கெல்லாம் அவ்வளவுதான் புரியும்."

அன்று நான் விளக்கம் சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்றேன்.

ஆபீசில் பன்னிரண்டரைக்கு வழக்கம்போல சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்தேன். எட்டு வருஷமாக ஒரு வேளை தவறாமல் போடுகிற மாத்திரை. வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினேன். எனக்கு வந்த சர்க்கரை என் வினை இல்லையா? அதை நான் ஏன் பட்டுத் தீர்க்கவில்லை? வெறும் வயிற்றில் சோதனை, சாப்பிட்ட பிறகு சோதனை என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு, மற்றவளுடைய குழந்தைக்கு மட்டும் பிறவிக் கணக்குப் படித்திருக்கிறேன். அங்காளம்மாவுக்குப் புரியாமல் போகவில்லை. நான் சொன்னதை அவள் ஒருத்திதான் முழுசாகப் புரிந்துகொண்டாள், நம்பினாள், அதன்படி செய்தாள். சொன்ன எனக்குத்தான் அதில் அரைக்காசு நம்பிக்கை இல்லை.

வினையைப் பற்றி அந்தப் பெரியவர் வகுப்பில் சொன்ன ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. இது உன்னைப் பார்த்து நீ சொல்லிக்கொள்ள வேண்டியது, அடுத்தவரைக் காட்டிச் சொன்னால் விஷம் என்றார். அதை நான் நோட்டில் எழுதவில்லை. ரயிலில் சொல்ல அது எடுப்பாக இருக்காது என்று விட்டிருப்பேன்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். தாம்பரம் மார்க்கெட்டில் அங்காளம்மாவின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள், பொண்ணுக்கு முடியல, வூட்லதான் கீறா என்று வழி சொன்னாள். கோவளம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கேளம்பாக்கம் தாண்டும்போதே படிக்கட்டுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பைத் தள்ளத் தள்ள அது திரும்பித் திரும்பி வந்தது.

சுனாமி அலை அடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குப்பத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகள் வரிசையாக நின்றன. அங்காளம்மாவின் வீட்டு வாசலில் அவள் புருஷன் முனிரத்தினம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜெயக்கொடி சுவரில் தலையணையை வைத்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "ரயில் அக்கா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அங்காளம்மா பாயை விரித்துப் போட்டாள். காலையில் அவளை நான் எப்படி நடத்தினேன் என்பதை அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். வீடு தேடி வந்தவளுக்குப் பாய் போட வேண்டும், போட்டாள்.

அந்தப் பாயில் உட்கார்ந்தும் என் பழைய புத்தி போகவில்லை. வினையில் பல வகை உண்டு, மனிதனின் முயற்சிக்கும் இடம் உண்டு, மருந்தும் கடவுள் கொடுத்ததுதான் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முனிரத்தினம் வலையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்களாம். இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க. நாங்க எத்தப் புடிச்சிக்கிறது? நாளைக்கி வேற ஒண்ணு சொன்னா?"

நாலு நோட்டையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். 

"எனக்குத் தெரியாது" என்றேன். "எந்தக் குழந்தைக்கு ஏன் வியாதி வருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி பேசினேன். அத்தனை பேர் கேக்கறாங்கங்கற மப்புல பேசினேன். இன்னிக்குக் காலையில உன் மேல பழியைப் போட்டேன் அங்காளம்மா. நீ புரிஞ்சுண்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு. என்னை மன்னிச்சிடு. நாளைக்குக் காலையில பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."

சொல்லும்போது அழுதுவிட்டேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். என் அழுகையைப் பார்த்து அவள் என்னைத் தேற்ற வேண்டி வந்துவிடுமே என்ற வெட்கம்.

அவள் தேற்றவில்லை. யோசித்தாள்.

"அப்ப பட்டுத் தீக்காம மிச்சம் இருக்கறது?"

"அப்படி மிச்சம்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா, இருந்தாலும் இருக்கும்ல" என்றாள். "ஊசி போட்டுத் தடுத்துட்டு, அது அடுத்த பொறப்புல எம்பொண்ணத் தேடிக்கினு வந்தா? அப்ப நான் கூட இருக்க மாட்டேனே. யாரு வயித்துல பொறக்குமோ. அங்க யாரு பாத்துப்பா?"

அவளை ஆட்டி வைத்தது இந்த பயம்தான். கண் முன்னால் இருக்கும் பெண்ணைவிட, தான் இல்லாத ஓர் உலகத்தில் அந்தப் பெண் தனியாகக் கஷ்டப்படுமே என்ற பயம். இதை நான் கிளப்பி விட்டிருக்கிறேன், ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கும் நடுவில்.

"அப்படி ஏதாவது இருந்தா அது எனக்கு வரட்டும்" என்றேன். "நான் வாங்கிக்கறேன்."

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. ஆனால் பேச்சாகத்தான் சொன்னேன். நாலு பேர் சொல்வதுபோல. அங்காளம்மா அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கைய நீட்டுங்க. பொண்ணக் குடுக்கறப்போ தண்ணி ஊத்தித்தானே குடுக்கறோம். இதயும் அப்டியே வாங்கிக்கங்க."

என் கை எழவில்லை. என் பையன் கேஷவின் மனைவி சின்மயிக்கு அப்போது ஏழாம் மாசம். இந்தத் தண்ணீர் என் கையில் விழுந்து, அந்தக் குழந்தைக்கு ஏதாவது வந்தால்? தெரியாது, ஒன்றும் தெரியாது என்று இப்போதுதானே சொன்னேன். இருந்தாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்தவள் வீட்டு வினையைப் பற்றி எவ்வளவு சரளமாகப் பேசினேன். என் வீட்டு வாசலுக்கு வரும் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முனிரத்தினம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்காளம்மா அவசரப்படுத்தவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால்கூட அவள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள்.

மூலையில் ஜெயக்கொடி இருமினாள். இருமிவிட்டு, மூச்சு திரும்பி வருவதற்காக வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை என்னால் பார்க்க முடியவில்லை. முருகா, உன் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டு வலது கையை நீட்டினேன்.

அவள் மகளின் பெயரைச் சொல்லித் தண்ணீரை ஊற்றினாள். கடற்கரை ஊர்த் தண்ணீர், லேசாகக் கரிக்கும் என்று பிறகு அங்கே குடித்தபோது தெரிந்தது. சொம்பில் பாதி ஆனதும் நிறுத்திக்கொண்டாள்.

"போதுங்கா. பாதி உங்களுக்கு. பாதி எனக்கு. பெத்தவ நான் இருக்கறப்போ மொத்தத்தயும் உங்க தலையில கட்டுவேனா?" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தன் கையில் ஊற்றிக்கொண்டாள்.

இத்தனை வருஷம் கேட்ட வகுப்பிலும் பேசிய பேச்சிலும் இரக்கம் என்ற வார்த்தை எத்தனை முறை வந்திருக்கும். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு அநியாயம் செய்தவள் நான். நான் தயங்கியதைப் பார்த்து பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். ஈரக் கையோடு நான் அவள் காலைத் தொடப் போனேன். ஐயே, இன்னாக்கா இது என்று தடுத்துவிட்டாள்.

"காலையில மொத பஸ்ஸுக்கே இட்டாந்துடறோம்" என்றார் முனிரத்தினம். "தாம்பரத்துல நில்லுங்க."

வீட்டுக்குப் போய் நடந்ததை ராஜாராமனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பயமா இருக்கா என்று மட்டும் கேட்டார். இருக்கு என்றேன். இருக்கட்டும், உனக்குக் கொஞ்சம் பயம் இருக்கறது நல்லதுதான் என்றார். முப்பது வருஷத்தில் என்னிடம் அவர் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கே ஸ்டேஷனில் போய் நின்றேன். மூன்று பஸ் வந்து போயிற்று. நாலாவதில் வந்தார்கள். முனிரத்தினம் பெண்ணைத் தோளில் தூக்கி வந்தார். ரயிலில் நானும் அங்காளம்மாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். ஜெயக்கொடியின் தலை அம்மா மடியில், கால் என் மடியில். எழும்பூர் வரை நான் வாயைத் திறக்கவில்லை. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர். சீட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அங்காளம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு ஊசி விட்டிருக்கீங்க. எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொன்னேன்? யார் பேச்சைம்மா கேட்டு இப்படி நிறுத்தினீங்க?"

அங்காளம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. "நானாத்தாங்க நிறுத்திட்டேன்" என்றாள்.

பின்னால் வரிசையில் இருபது பெண்கள் குழந்தைகளோடு நின்றார்கள். "என் பேச்சைக் கேட்டு" என்றேன், அவர்களுக்கும் கேட்கும்படி. "ரயில்ல சாமி விஷயம் சொல்றேன்னு சொல்லி, வியாதியைப் பட்டுத்தான் தீர்க்கணும்னு நான்தான் சொன்னேன் டாக்டர். இவங்க மேல தப்பு இல்லை. இவங்களைத் திட்டாதீங்க."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றி விபூதி, கையில் ஆபீஸ் பை எல்லாவற்றையும் பார்த்தார். படிச்சவங்கதானே நீங்க என்றார். 

பிறகு எழுதத் தொடங்கினார். அட்மிட் பண்ணி ஒரு வாரம் பார்க்க வேண்டும், நீர் கோத்திருக்கிறது, மருந்தில் வடிந்துவிடும், இன்னும் கைமீறவில்லை, இனி ஒரு ஊசிகூட விடக் கூடாது என்றார். அங்காளம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஊசி போடும் அறையில் ஒருத்தர்தான் கூட இருக்கலாம் என்றார் நர்ஸ். அங்காளம்மா சீட்டு வாங்க ஓடியிருந்தாள். நீங்க குழந்தைக்கு என்ன வேணும் என்று நர்ஸ் என்னைக் கேட்டார். நான் விழித்தேன்.

"பெரிம்மா" என்றாள் ஜெயக்கொடி, மேஜையில் குப்புறப் படுத்தபடி.

அது வலிக்கிற ஊசி. மருந்து கெட்டியானது, மெதுவாகத்தான் ஏறும். நர்ஸ் ஊசியை எடுத்ததும் என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. ஜெயக்கொடி கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத பெரிம்மா" என்றாள். "கொஞ்ச நேரந்தான் வலிக்கும்."